வானிலிருந்தும் மண்ணுக்குள்ளிருந்தும் பாசன நீரை அளப்பது: எதை எதற்கு நம்பலாம்?

செயற்கைக்கோள் தரவுகள் இலவசமாகவே கிடைக்கும்போது வயலுக்குள் ஈரப்பத உணரிகளைப் புதைக்க வேண்டிய தேவை என்ன, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பாசன நீர் உண்மையிலேயே மிச்சமாகுமா என்பது கேள்வி. முதல் பகுதிக்கான விடை எளிது. செயற்கைக்கோளுக்குப் பரப்பு தெரியும், ஆழம் தெரியாது. மண்ணில் புதைத்த உணரிக்கு ஆழம் தெரியும், பரப்பு தெரியாது. இரண்டாம் பகுதிக்குத்தான் நிதானமாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது. உலகில் மனிதர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்கே போவதால், அதில் எதை மிச்சம் என்று கணக்கில் எழுதுகிறோம் என்பதில் பிழை நேர்ந்தால், அளவீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஆற்றுக்கோ நிலத்தடிக்கோ ஒரு சொட்டு நீர்கூடத் திரும்பாது.

செயற்கைக்கோள்கள் மண்ணின் ஈரத்தை நேரடியாகக் காண்பதில்லை. மண்ணிலிருந்து இயல்பாக எழும் அல்லது ரேடார் அனுப்பித் திரும்பி வரும் நுண்ணலைகளை அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணிக்கின்றன. இதற்கு அடிப்படை, ஒரு பொருள் மின்புலத்துக்கு எந்த அளவு உட்படுகிறது என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி நீருக்கு ஏறத்தாழ 80 ஆகவும், உலர்ந்த மண்ணுடையது 3 முதல் 5 வரையிலும், காற்றினுடையது 1 ஆகவும் இருப்பதுதான். இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால் மண்ணில் சிறிதளவு நீர் கூடினாலும் நுண்ணலைகள் நடந்துகொள்ளும் விதம் மாறிவிடுகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2009-இல் செலுத்திய ஸ்மாஸ், நாசா 2015 ஜனவரியில் செலுத்திய ஸ்மாப் ஆகிய இரண்டும் 1.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான எல்-பேண்ட் அலைகளை அளந்து, இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை உலகின் மண் ஈரத்தைச் சொல்கின்றன. ஆனால் அவை சொல்வது மேல்மண்ணில் சுமார் 5 சென்டிமீட்டர் வரையிலான ஈரத்தை மட்டுமே. அதுவும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பின் சராசரியாகவே கிடைக்கிறது. ஸ்மாப்பில் இதைவிட நுணுக்கமாகப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த ரேடார் அதே ஆண்டு ஜூலையில் செயலிழந்துபோனது, இத்துறைக்கு நேர்ந்த பெரிய இழப்பு. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் வரிசையில் உள்ள, எல்-பேண்டைவிட அலைநீளம் குறைந்த சி-பேண்ட் ரேடார்கள் தனித்தனி வயல்களைப் பிரித்துக் காட்டுமளவுக்கு நுணுக்கமானவை. ஆயினும் பயிர் அடர்ந்து இலைகள் நிலத்தை மூடிய பிறகு அந்த அலைகள் பெரும்பாலும் இலைத்தொகுதியிலேயே சிதறிவிடுவதால், மண்ணைப் பற்றி அவை சொல்லும் செய்தி மங்கிவிடுகிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார், பயிரை ஓரளவு ஊடுருவக்கூடிய எல்-பேண்ட் ரேடாரையும் எஸ்-பேண்ட் ரேடாரையும் ஒருங்கே கொண்டு, 12 நாள்களுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பி வருகிறது. வயல் அளவிலான ஈர அளவீட்டில் இது நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் அதுவும் மேல்மண்ணைத்தான் பார்க்கிறது. பயிர் நீரெடுப்பதோ அதற்குக் கீழிருந்து.

ஆகவே பாசனத்துக்குச் செயற்கைக்கோளிடமிருந்து மண் ஈரத்தைக் கேட்பதைவிட, பயிர் எவ்வளவு நீரைக் காற்றில் விட்டது என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. இலைகள் வழியாகவும் மண்ணின் மேற்பரப்பிலிருந்தும் ஆவியாகிப் போகும் நீரை இருவழிகளில் கணிக்கலாம். ஒன்று வெப்பத்தின் வழி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் ஆற்றல் செலவாகிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு நாளில் நிகரமாகக் கிடைக்கும் கதிர்வீச்சு ஆற்றல் 12 மெகாஜூல் என்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் ஆவியாதலுக்கே போகும் வயலில் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் காற்றில் கலக்கும். நீர் போதாத வயலில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் அந்த ஆற்றல் இலையையும் காற்றையும் சூடாக்கிவிடும். அந்தச் சூட்டை அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களின் வெப்பக் கருவிகள் 100 மீட்டர் நுணுக்கத்தில், இரண்டும் சேர்ந்து 8 நாள்களுக்கு ஒருமுறை அளக்கின்றன. மற்றொன்று பசுமையின் வழி. 10 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கும் சென்டினல்-2 படங்களிலிருந்து பயிரின் பசுமையை எண்ணாகச் சொல்லும் தாவரக் குறியீட்டைக் கணித்து, அதைப் பயிர்க் குணகமாக மாற்றி, வானிலை நிலையம் தரும் ஒப்பீட்டு ஆவியாதல் அளவால் (நீர் குறைவில்லாத புல்தரையிலிருந்து ஆவியாகும் அளவு) பெருக்கினால் பயிரின் அன்றாட நீர்த்தேவை கிடைத்துவிடும். இக்கணக்குக்கு ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 1998-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறையே இன்றும் உலகெங்கும் அடிப்படை. அதே நிறுவனத்தின் வாப்போர் தளம் ஆப்பிரிக்க, மேற்காசிய நாடுகளுக்கும், 2021-இல் தொடங்கிய ஓப்பன்-ஈடி தளம் மேற்கு அமெரிக்காவுக்கும் இத்தகைய கணிப்புகளைக் கட்டணமின்றித் தருகின்றன.

இவ்விரு வழிகளுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. பசுமை மெதுவாக மாறுவது. இலை வாடி நிறம் மாறிய பிறகே தாவரக் குறியீடு குறையும். அதற்குள் விளைச்சலில் ஒரு பங்கு போயிருக்கும். வெப்பம் உடனே மாறுவது. ஆனால் மேகம் மூடினால் வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புப் படம் கிடையாது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஒரு தெளிந்த படம்கூடக் கிடைக்காமல் போவது வழக்கம். அந்த இடைவெளியை நிரப்ப வானிலைத் தரவும் மண்ணுக்குள் இருக்கும் உணரியும் வேண்டும்.

மண்ணுக்குள் புதைக்கும் உணரிகளில் பெரும்பாலானவை, நுண்ணலைச் செயற்கைக்கோள்களைப் போலவே, நீரின் மின்காப்பு மாறிலியைத்தான் நம்பியிருக்கின்றன. மின்துடிப்பு மண்ணில் செருகிய உலோகக் கம்பியில் சென்று திரும்பும் நேரத்தை அளப்பது ஒரு வகை. மண்ணை ஒரு மின்தேக்கியின் பகுதியாக வைத்து அளப்பது மற்றொரு வகை. மாறிலியை ஈரப்பத விழுக்காடாக மாற்ற 1980-இல் டாப் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கொடுத்த சமன்பாடு சாதாரண மண் வகைகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் கனத்த களிமண்ணிலும், மக்கு மிகுந்த மண்ணிலும், உவர் மண்ணிலும் அதை அப்படியே நம்பக் கூடாது. மின்தேக்க வகை உணரிகள் உவர் மண்ணில் உண்மையைவிடக் கூடுதலான ஈரத்தைக் காட்டும் இயல்புடையவை. மண் காய்ந்து கிடக்கும்போது கருவி ஈரம் என்று சொன்னால் பயிர்தான் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். இவற்றிலிருந்து வேறுபட்டது, நுண்துளை முனையும் நீர் நிரம்பிய குழாயும் கொண்ட டென்சியோமீட்டர். மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. அந்த நீரை உறிஞ்ச வேர் எவ்வளவு இழுவிசை செலுத்த வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. பயிரின் பார்வையில் இதுவே நேரான கேள்வி. ஆனால் இழுவிசை ஏறத்தாழ 80 கிலோபாஸ்கலைத் தாண்டினால் அதனுள் காற்று புகுந்து அளவீடு நின்றுவிடும் என்பதால், அடிக்கடி நீர் பாயும் காய்கறி, பழப் பயிர்களுக்கே அது மிகவும் ஏற்றது.

எந்த உணரியானாலும் அதைப் புதைக்கும் விதம்தான் பாதி வெற்றி. உணரியின் ஊசிகளுக்கும் மண்ணுக்கும் இடையே மெல்லிய காற்றிடைவெளி இருந்தாலும், மாறிலி 1 ஆகிய காற்றைத்தான் கருவி அளக்கும். வயல் நனைந்திருக்க அது வறட்சி என்று சொல்லும். தோண்டிய குழியில் மண்ணைத் தளர்வாகத் தள்ளி மூடினால் பாய்ச்சிய நீர் அந்தக் குழி வழியாகவே கீழிறங்கிவிடும். அப்போது கருவி எல்லா ஆழத்திலும் ஈரம் என்று சொல்லும். எடுத்த மண்ணை எடுத்த வரிசையிலேயே, அடுக்கடுக்காக அழுத்தி நிரப்ப வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் சொட்டுவானின் நேர் கீழேயோ இரு சொட்டுவான்களின் நடுவிலோ வைக்காமல், நனையும் வட்டத்துக்குள் வேர்கள் அடர்ந்திருக்கும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். ஒரே இடத்தில் 20, 40, 60 சென்டிமீட்டர் என மூன்று ஆழங்களில் வைப்பது, ஒரே ஆழத்தில் மூன்று இடங்களில் வைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம் கற்றுத்தரும்.

அப்படி வைத்த உணரிகளின் அளவுகளை வரைபடமாக்கி, அதன் கோடுகளை ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்தால் பயிர் நீர் குடிப்பதைக் கண்ணால் காணலாம். பகலில் கோடு இறங்கும், இரவில் ஏறக்குறைய சமமாக ஓடும், மறுநாள் பகலில் மீண்டும் இறங்கும். இப்படிப் படிக்கட்டு போன்ற வடிவம் உருவாகும். எந்த ஆழத்தில் படிக்கட்டு தெரிகிறதோ அந்த ஆழம் வரை வேர் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். நீர் பாய்ச்சிய சில மணி நேரத்திலோ மறுநாளிலோ 60 சென்டிமீட்டர் உணரியின் கோடு எழும்பினால், வேருக்கு எட்டாத ஆழத்துக்கு நீர் இறங்கிவிட்டது, அதோடு இட்ட நைட்ரஜன் உரத்தின் ஒரு பங்கும் இறங்கிவிட்டது என்று பொருள். இதை எந்தச் செயற்கைக்கோளாலும் காட்ட முடியாது. புதைத்த உணரிக்காக வாதாட எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

உணரியின் தரவை வெளியே கொண்டுவருவதும் தனிச் சிக்கல். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் கம்பமும் உழவுக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் இடையூறு. ஆகவே உணரி, மின்கலம், அலைபரப்பி ஆகிய அனைத்தையும் உழவு ஆழத்துக்குக் கீழே புதைத்துவிடும் நிலத்தடிக் கம்பியில்லா வலையமைப்புகள் பற்றி ஏறத்தாழ 20 ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. மண்ணுக்குள் ரேடியோ அலை விரைவில் வலுவிழக்கிறது. மண் நனைய நனைய இழப்பு கூடுகிறது. அதிர்வெண் அதிகமானால் இழப்பும் அதிகமாவதால், வீட்டு வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட 433 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்களே இங்கு விரும்பப்படுகின்றன. ஈர மண்ணில் அலைநீளமும் சுருங்கிவிடுவதால், காற்றுக்கென்று செய்த ஆன்டெனா மண்ணுக்குள் சரியாக இயங்காது. மண்ணுக்குள்ளேயே ஒரு முனையிலிருந்து, அதாவது புதைத்த ஓர் உணரித் தொகுப்பிலிருந்து, மறு முனைக்குப் பேசவைப்பதைவிட, ஒவ்வொரு முனையும் வயலோரத்தில் உயரத்தில் இருக்கும் ஒரு பெறுவியிடமோ, வயலின் மேல் நகரும் தெளிப்புப் பாசன இயந்திரத்தில் பொருத்திய பெறுவியிடமோ பேசுவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. நீர் பாய்ந்தவுடன் சில மணி நேரம் தரவு வராமல் போகலாம். அந்நேரத்தில் அளவுகளை உணரியே சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும்படி அமைத்திருக்க வேண்டும்.

புள்ளி அளவீட்டுக்கும் செயற்கைக்கோளின் பரந்த பார்வைக்கும் நடுவே அண்டக்கதிர் நியூட்ரான் முறை என்று ஒன்று உண்டு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் உருவாகும் நியூட்ரான்களை நீரிலுள்ள ஹைட்ரஜன் வேகம் குறைப்பதால், மண்ணுக்கு மேலே எண்ணப்படும் வேக நியூட்ரான்கள் குறைந்தால் சுற்றியுள்ள மண்ணில் ஈரம் கூடியிருக்கிறது என்று அறியலாம். மண்ணைத் தோண்டாமலேயே 150 முதல் 200 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் இருக்கும் நிலத்தின் சராசரி ஈரம் கிடைக்கிறது. கருவி விலையுயர்ந்தது, ஒரு பாசனக் கூட்டமைப்போ ஆய்வு நிலையமோ வாங்கிப் பலருக்கும் பயன்படுத்தலாம்.

இவற்றை இணைக்கும் இடம் நீர்க் கணக்கு. வேர் மண்டலத்தில் நேற்று இருந்த நீரோடு மழையையும் பாய்ச்சலையும் கூட்டி, ஆவியாகிப் போனதையும் கீழே கசிந்ததையும் கழித்தால் இன்றைய இருப்பு. ஆவியாகிப் போனதைச் செயற்கைக்கோள் தருகிறது. கசிந்ததையும் இருப்பையும் உணரி சரிபார்க்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வண்டல் கலந்த மண். வயல் கொள்திறன் (மிகுநீர் வடிந்த பின் மண்ணில் தங்கும் நீர்) கன அளவில் 28 விழுக்காடு, வாடல் நிலை (பயிரால் மேலும் எடுக்க முடியாத நீர்) 14 விழுக்காடு, வேரின் ஆழம் 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பயிர் எடுக்கக்கூடிய நீர் 84 மில்லிமீட்டர். அதில் பாதி தீர்ந்ததும் பாய்ச்சுவது பல பயிர்களுக்கு ஏற்ற விதி. அது 42 மில்லிமீட்டர். செயற்கைக்கோளும் வானிலையும் சேர்ந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் போகிறது என்று காட்டினால், ஏழு நாளுக்கு ஒரு பாய்ச்சல் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் 60 சென்டிமீட்டர் உணரியில் படிக்கட்டே இல்லை, 40 சென்டிமீட்டர் வரைதான் இருக்கிறது என்றால் நிலைமை வேறு. எடுக்கக்கூடிய நீர் 56 மில்லிமீட்டராகவும் அதில் பாதி 28 மில்லிமீட்டராகவும் சுருங்கி, ஐந்தாம் நாளே பயிர் தவிக்கத் தொடங்கிவிடும். அந்தத் தவிப்பைப் பார்த்துவிட்டு, இடைவெளியை மட்டும் ஐந்து நாளுக்குள் இருக்கும்படி குறைத்து, ஒவ்வொரு முறையும் பழைய 42 மில்லிமீட்டரையே பாய்ச்சினால், தடவைக்கு ஏறத்தாழ 14 மில்லிமீட்டர், அதாவது ஹெக்டேருக்கு 1,40,000 லிட்டர், வேரைத் தாண்டி இறங்கும். இந்த வயலுக்கு வேண்டியது ஐந்து நாளுக்குள் ஒருமுறை, 28 மில்லிமீட்டர்.

உணரிகளை எங்கே வைப்பது என்பதையும் செயற்கைக்கோளிடமே கேட்கலாம். கடந்த சில பருவங்களின் சென்டினல்-2 படங்களை அடுக்கிப் பார்த்தால் எந்தப் பகுதி எப்போதும் முதலில் வாடுகிறது, எது கடைசிவரை பசுமையாக நிற்கிறது என்பது புலப்படும். அந்த மாறுபாடு பெரும்பாலும் மண் வகையையோ நில மட்டத்தையோ காட்டுவது. ஒவ்வொரு பகுதியிலும் அதைப் பிரதிபலிக்கும் இடத்தில், வரப்போரத்தையும் நிழலையும் தவிர்த்து, ஒரு நிலையம் வைத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு வயல் நெடுக உணரிகளை நட்டு வைப்பது பணத்தைப் புதைப்பதுதான்.

சில முறைகளில் செயற்கைக்கோள் தவறாகவே சொல்லும். மண்ணுக்குள் புதைத்த சொட்டுக் குழாய்கள் மேல்மண்ணை உலர விட்டு வேரை நனைப்பவை. நுண்ணலைக்கு அந்த வயல் வறண்டதாகத் தெரியும். நெல் வயலில் நிலைமை நேர்மாறானது. தேங்கி நிற்கும் நீருக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை நுண்ணலையால் சொல்ல முடியாது. அங்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவதற்கு, துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சினால் போதும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் நீர் தேங்கி நிற்கும்படி வைத்திருக்க வேண்டும். விளைச்சல் குறையாமல் பாசன நீரை 30 விழுக்காடு வரை குறைத்த இந்த முறைக்கு மின்கலமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். அதுவும் நிலத்தடி அளவீடுதான். சிறு உழவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான்.

இனி, நீர் உண்மையில் மிச்சமாகுமா என்பதைப் பார்ப்போம். அளவான பாய்ச்சலால் மோட்டார் ஓடும் நேரம் குறையும். மின்சாரமும் உரமும் மிச்சமாகும். ஆனால் முன்பு வீணானதாகத் தோன்றிய கசிவில் ஒரு பங்கு நிலத்தடி நீருக்கோ கீழ்மடை வயலுக்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திக் கிடைத்த நீரைக் கொண்டு பாசனப் பரப்பைக் கூட்டினாலோ அதிக நீர் குடிக்கும் பயிருக்கு மாறினாலோ ஆவியாகிப் போகும் மொத்த நீர் கூடும்; நீர்மட்டம் முன்பைவிட வேகமாக இறங்கும். பாசனத் திறன் கூடினால் நீர்ப் பயன்பாடு குறையும் என்ற எதிர்பார்ப்பு பல ஆற்றுப்படுகைகளில் பொய்த்ததை 2018-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. கசிவு உவர்நீரிலோ கடலிலோ சேரும் இடங்களில் மட்டும் அதைத் தடுப்பது முழு ஆதாயம். ஆகவே மிச்சத்தைப் பம்பு ஓடிய மணிக்கணக்கில் அளக்காமல், செயற்கைக்கோள் தரும் மொத்த ஆவியாதலிலும் நிலத்தடி நீர்மட்டத்திலும் அளக்க வேண்டும்.

நிலத்தடி நீரையும் வானிலிருந்து அளக்கும் வழி 2002 முதல் இருக்கிறது. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், கீழே நீரின் எடை மாறும்போது ஈர்ப்புவிசை மாறுவதால் தமக்கிடையே ஏற்படும் நுண்ணிய தூர மாற்றத்தை அளந்தன. 2018 முதல் அவற்றின் வழித்தோன்றல்கள் அப்பணியைத் தொடர்கின்றன. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை இந்தியாவின் வடமேற்கில் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை இத்தரவுகளைக் கொண்டே 2009-இல் கணித்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்புக்குத்தான் இது பொருந்தும். ஒரு கிராமத்துக்கோ ஒரு கிணற்றுக்கோ இதிலிருந்து விடை கிடையாது. அந்த அளவில் நோக்குக் கிணற்றில், அதாவது நீர்மட்டத்தைக் கண்காணிப்பதற்கென்று வைத்த கிணற்றில், இறக்கிய அழுத்த உணரிதான் சான்று. பம்பு ஓடும்போது அளந்தால் கிணற்றைச் சுற்றிய தற்காலிகத் தாழ்வையே அளப்போம்; இரவு முழுக்க ஓய்ந்த மட்டத்தை, விடியற்காலையில் பம்பைப் போடுவதற்கு முன் எடுத்து, பருவத்துக்குப் பருவம் ஒப்பிட வேண்டும்.

ஒரு கூட்டமைப்பாகத் தொடங்குவதானால் கருவி வாங்குவதற்கு முன் மூன்றைச் செய்துகொள்ளுங்கள்: பம்புகளுக்கு நீர்மானி, இரண்டு மூன்று நோக்குக் கிணறுகளில் மட்டப் பதிவு, மேலெடுக்கும் நீருக்கு அனைவரும் ஒப்புக்கொண்ட ஓர் உச்சவரம்பு. முதல் பருவம் முழுவதும் செயற்கைக்கோள் கணக்கை நடத்தி, மாறுபட்ட இரண்டு மண் பகுதிகளில் மட்டும் உணரிகளைப் புதைத்து, கணக்குச் சொன்ன இருப்பும் உணரி சொன்ன இருப்பும் எந்த வாரங்களில் விலகின என்று குறித்து வையுங்கள். விலகல் எந்த மண்ணில், எந்த வளர்ச்சிப் பருவத்தில் மிகுதி என்று தெரிந்த பிறகு, அடுத்த உணரியை அங்கே வாங்கி வைக்கலாம்.